பட்டியலில் இல்லாத மனைவி

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டுக் கதவுத் துவாரத்தால் ஒரு கடிதம் விழுந்தது. எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பினால் இந்த நாடு சுகப்படும் என்று நம்பும் கட்சியின் தேர்தல் பிரசுரம். உறையில் என் பெயரும் மனைவியின் பெயரும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன. இருபத்தைந்து வருடத்தில் எங்கள் மருத்துவர்கூட அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை.

இதில் மர்மம் எதுவுமில்லை. வேட்பாளர் கேட்டால் வாக்காளர் பட்டியலைக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கொழும்பில் தேர்தல் திணைக்களத்தில் அத்தகைய பட்டியல்களைச் சரிபார்த்தவன் நான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் ஒழுங்கைக்குள் தடிகளோடு வந்தவர்களின் கையிலும் அதுதான் இருந்தது. கதவிலக்கம், பெயர் எல்லாம் சரி. பிழையில்லாத வேலை.

பக்கத்து வீட்டு டோரீனிடம் கடிதத்தைக் காட்டினேன். எண்பத்தாறு வயது, ஸ்டெப்னியில் பிறந்தவர். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, தகப்பன் கிரிக்கெட் ஆடியதைச் சொல்வதுபோல, "முப்பதுகளில் என் அப்பாவும் பாசிசக் கட்சியின் கறுப்புச் சட்டை போட்டவர்" என்றார். "வேலை போய் வீட்டில் கிடந்தார். அவர்கள் ஒரு பெல்ட்டும் கொடியும் கொடுத்தார்கள். நிமிர்ந்து நடந்தார்."

யூதர்களின் சன்னல்களாகப் பார்த்து எப்படிக் கல்லெறிந்தார்கள் என்று கேட்டேன்.

"அப்பா முன்பு அந்தத் தெருவில் வீடு வீடாகப் பால் போட்டவர் அல்லவா?" என்று சொல்லி என் கையைத் தட்டினார். "உனக்கென்ன டியர், நீ அந்த மாதிரி ஆள் இல்லையே."

ஆறுதல் சொன்னதாக அவர் நினைத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூனில் அந்தக் கட்சி ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் இரண்டு ஆசனங்களைப் பிடித்தது. செப்டெம்பரில் கவுன்சிலின் படிவம் வந்தது: வீட்டிலுள்ள வாக்காளர் அனைவரின் பெயரையும் எழுதிக் கையொப்பமிடவும்.

"இஞ்சருங்கோ, என்ரை பேரைப் போடாதேங்கோ" என்றாள் மனைவி.

"மறைச்சால் குற்றம். அவங்களுக்கு எதிரான ஒரு வோட்டும் குறையும்."

"அண்டைக்குக் கொழும்பில வாசல்ல நிண்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள். மதில் ஏறிக் குதிச்சது நான். நீங்கள் கந்தோரில வேலையில இருந்தனீங்கள்."

"பேரை வெளியாக்களுக்கு விக்கக்கூடாது எண்டு படிவத்தில ஒரு பெட்டி இருக்கு. புள்ளடி போடுறன்."

"போன முறையும் போட்டனீங்கள்தானே. அப்ப இந்தக் கடிதம் எப்பிடி வந்தது?"

அதற்கு விதியில் பதில் உண்டு. அந்தப் புள்ளடி வேட்பாளர்களைக் கட்டுப்படுத்தாது.

முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது வரியை விட்டேன். விவரங்கள் உண்மையும் முழுமையுமானவை என்ற உறுதிமொழியின் கீழ், வாழ்நாளெல்லாம் பொய்ப் படிவங்களைத் திருப்பி அனுப்பியவன், கையொப்பமிட்டேன்.

எதிரே சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் அரசாங்கக் கணக்கில் இனி லண்டனில் இல்லை. கொழும்புப் பட்டியலில் ஒருவேளை இன்னும் இருப்பாள். அங்கே பெயரை வெட்டுவதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நாங்கள் நிரப்பவில்லை.