ஃபேமிலி ரூமில் மூன்று காபி

பட்டுக்கோட்டையில் அந்த நாளில் நடப்பதற்கென்றே ஒரு தெரு இருந்தது. அரிசி, பருப்பு வாங்குகிறவர்கள் சந்தைப் பக்கம் போவார்கள். இங்கே வருகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டாமல், குடும்பத்தோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்புவார்கள். தேங்காயில் காசு பார்த்தவர்கள், மிராசுதார்கள், கடல் கடந்து சம்பாதித்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லாரையும் மாலை ஆறு மணிக்கு அங்கே பார்க்கலாம். டியூப்லைட் போட்ட ஜவுளிக்கடைகள், சிங்கப்பூர் சென்ட்டும் நைலக்ஸ் புடவையும் விற்கும் கண்ணாடிக்கடை, நடுவில் மாடி வைத்த ஓட்டல். ஓட்டலின் பக்கச் சுவரில் கட்சிக்காரர்கள் 'உழுபவனுக்கே நிலம்' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே நிழல் இருந்ததால் மிராசுதார்கள் தங்கள் கார்களை அங்கே நிறுத்துவார்கள்.

நான் அப்போது குத்தகைப் பதிவு விசாரணைக்கான தாசில்தார். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் நிலக்காரர் அவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சண்டை. வழக்குக்காரர்கள் உலவும் இடத்தில் நான் உலவுவதில்லை. அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. புத்தகத்தில் உள்ளவை எனக்குப் போதாமல் நானே சேர்த்துக்கொண்டது. அந்த ஊருக்கு வந்து எட்டு மாதமாகியும் என் மனைவி அந்தத் தெருவை ஜீப்பிலிருந்துதான் பார்த்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைக் கேட்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். போனோம். பத்தடிக்கு ஒரு கும்பிடு வந்தது. கும்பிட்டவர்களில் பாதிப் பேரின் கோப்பு என் மேஜையில் இருந்தது. எந்தக் கும்பிட்டைத் திருப்பிக் கொடுப்பது, எதை விடுவது என்று கணக்கிட்டு அலுத்து, கண்ணாடிக்கடை வருவதற்கு முன்பே அவளை ஓட்டலுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அங்கே ஃபேமிலி ரூம் என்று ஒன்று உண்டு. தலை உயரத்துக்குப் பலகைத் தடுப்பு, முன்னால் ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு. பெண்களோடு வருகிறவர்களை உலகத்திடமிருந்து மறைப்பதற்கு ஏற்பட்டது. அன்று என்னை மறைத்தது.

ரவா தோசை வந்தது. பக்கத்துத் தடுப்புக்குள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பேச ஆரம்பித்ததும் குரல்கள் தெரிந்துவிட்டன. ஒருவர் ஒரு பெரிய பண்ணையின் காரியஸ்தர். மற்றவர் அந்தப் பண்ணை இருக்கும் கிராமத்தின் கணக்குப்பிள்ளை. திங்கட்கிழமை என் முன்னால் வரவேண்டிய வழக்கு அவர்களுடையது.

வழக்கு மூன்று ஏக்கரைப் பற்றியது. பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறேன் என்றார் மனுதாரர். அவர் கூலியாள் என்றது பண்ணை. வாய்மொழிக் குத்தகை, நெல் அளந்ததற்கு ரசீது கிடையாது. இன்ன நிலத்தில் இன்னார் பயிர் வைத்தார் என்று வருஷாவருஷம் எழுதும் அடங்கல் ஒன்றுதான் அவருக்கு ஆதாரம். அதைத்தான் தடுப்புக்கு அந்தப்பக்கம் அல்வாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பசலி வருஷத்துலயும் அவன் பேருதானே இருக்கு?" என்றார் காரியஸ்தர்.

"நான் எழுதுனதுதானே. பழசைக் கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிட்டு நாலையும் புதுசா எழுதிக் கொண்டாறேன். மை மட்டும் நாலு விதமா வேணும்."

"தாசில்தாரு கண்டுபுடிச்சுட்டா?"

"அவரா?" கணக்குப்பிள்ளை சிரித்தார். "காயிதம் சரியா இருந்தா, கடவுளே நேர்ல வந்து தப்புன்னு சொன்னாலும், முத்திரை ஒட்டி மனுவாக் குடுங்கன்னுதான் கேப்பாரு."

என் மனைவி தோசையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டேன். அரைக்கதவுக்குக் கீழே கால் தெரியும்.

எழுந்து போனால் அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நாளைக்கே ஒருதலைப்பட்சம் என்று கலெக்டருக்கு மனு போகும். உட்கார்ந்திருந்தால், கேட்டதை வைத்து உத்தரவு எழுத முடியாது. கோப்பில் இல்லாத எதுவும் எனக்குத் தெரியக்கூடாது. இடத்தைக் காலி செய்யாமலிருக்க சர்வரிடம் ஏதாவது கொண்டுவரச் சொல்லியாக வேண்டும். என் குரலும் கணக்குப்பிள்ளைக்குப் பழக்கம். அதனால் அவளே காபி சொன்னாள். சர்வர் சமையற்கட்டைப் பார்த்துக் கூவியபோதெல்லாம் எனக்கு வியர்த்தது. மூன்று முறை கூவினார். அந்தப்பக்கம் அல்வா முடிந்து ஊத்தப்பம் வந்திருந்தது.

"ஏங்க, எந்திரிச்சு என்னன்னு கேளுங்களேன்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

விசாரிக்கிறவனே சாட்சியாகவும் இருக்க முடியாது என்று காதோடு காதாக விளக்கினேன்.

"அப்ப விசாரிக்காதீங்க. சாட்சியா இருங்க."

அப்படியும் ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அது எனக்குத் தெரியாததல்ல. அதற்கு நான் கோப்பைக் கைவிட வேண்டும், ஓட்டலில் ஒளிந்திருந்தேன் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் ஏப்பம் விட்டுக் கிளம்பிய பிறகுதான் நான் செருப்பை வெளியே நீட்டினேன்.

திங்கட்கிழமை கணக்குப்பிள்ளை புது அடங்கலைக் கொண்டுவந்தார். நான்கு வருஷம், நான்கு மை, நேர்த்தியான வேலை. மனுதாரர் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விசாரணையை ஒத்திவைத்து, வழக்கிலிருந்து விலகுவதாக மேலிடத்துக்கு எழுதி, கேட்டதை வாக்குமூலமாக இணைத்தேன்.

அடுத்த அதிகாரி நியமனமாக ஏழு மாதம் பிடித்தது. அதுவரை நிலத்தில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பது உத்தரவு. பண்ணை அதற்குத் தனக்கேற்ற பொருள் கண்டுபிடித்து, வெளியூர் ஆட்களை இறக்கி நடவு நட்டது. தடுக்கப் போன மனுதாரர் மேல் போலீஸ் வழக்கு விழுந்தது.

புது அதிகாரியின் முன் நான் சாட்சி சொன்ன அன்று பண்ணையின் வக்கீல் நீண்ட நேரம் ஓட்டல் பற்றிய கேள்விகளிலேயே நின்றார். எத்தனை காபி குடித்தீர்கள் என்றார். மூன்று என்றேன். அவ்வளவு நேரத்தில் எழுந்து ஒரு வார்த்தை கேட்க என்ன தடை என்றார். நான் வாய் திறக்காததால் 'சாட்சி மௌனம்' என்று எழுதிக்கொண்டார்கள். எழுதியது சரியான முறைதான்.

புது அதிகாரி என்னைப்போல் இல்லை. என் சாட்சியைக் கேட்ட கையோடு கணக்குப்பிள்ளையின் வீட்டுக்கே போய்விட்டார். கரையான் தின்ற அடங்கல் நெல் பத்தாயத்துக்குள், துணியில் சுற்றி, வேப்பிலை போட்டுப் பத்திரமாக இருந்தது. கணக்குப்பிள்ளைமார்கள் பொய்க்கணக்கு எழுதுவார்கள். ஆனால் மெய்க்கணக்கைக் கிழிக்கக் கை வராது. அந்தப் பழக்கம் மனுதாரரைக் காப்பாற்றியது. அவர் பெயர் பதிவேட்டில் ஏறியது.

உத்தரவு நகல் வாங்கிய அன்று தாலுகா ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்து நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்து, அதைத் தடுக்கக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

"அன்னிக்கே தடுப்புக்கு மேல எட்டிப் பாத்து, 'என்னய்யா பேசுறீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, கணக்குப்பிள்ளை அந்தப் புது நோட்டை எழுதியே இருக்கமாட்டாருங்க," என்றார். "எனக்கு ஒரு சம்பா சாகுபடி போச்சு. மாட்டையும் வித்தாச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. உத்தரவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பேராவூரணி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டார். சொன்னேன்.