மாவுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி

கணினித் திரையில் ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கு முன்னாலும் ஒரு சின்னக் கூட்டல் குறி இருக்கும். அதைத் தொட்டால் தலைப்பு விரிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வரிவரியாக இறங்கும். அதை முதன்முதலில் எங்கள் மாமனாருக்குத் தொட்டுக் காட்டியவள் என் ஓரகத்தி. அன்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, பதினோரு வருடம் நோட்டில் கணக்கு எழுதிய நான் ஒருநாளும் வரவழைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

எங்களுக்கு இரண்டு பேக்கரிகள். உப்பளத்துக் கடை என் பொறுப்பு. உழவர்கரைக் கடை கொழுந்தனாருடையது. சனிக்கிழமை மத்தியானம் மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாரத்து வியாபாரத்தைச் சொல்வது என் வழக்கம். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள், மடிக்கணினியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவு, வெண்ணெய், கூலி, மின்சாரம் என்று அவள் ஒவ்வொன்றாய் விரிக்க, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இவ்ளோ நாளு கண்ண கட்டிக்கிட்டு இல்ல கடை நடத்திருக்கோம்!" என்றார். காபி கொண்டுவந்த என் காதில் விழட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் விழுந்தது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அக்கா, இத எந்தத் தலைப்புல போடறது?" என்று என்னிடமே ஓடி வருவாள். எப்போதும் சிரித்த முகம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் மாதம், உப்பளம் நஷ்டத்திலும் உழவர்கரை நல்ல லாபத்திலும் ஓடுவதாக அறிக்கை காட்டியது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கடைக்கும் மாவு ரசீது உப்பளத்தின் பெயரில்தான் வரும். உழவர்கரையில் இறங்கும் மூட்டைகளை மாதக் கடைசியில் நான் பென்சிலால் பிரித்து எழுதுவேன். அது வேறு யாருக்கும் தெரியாது. அவள் ரசீதில் இருந்த பெயரை நம்பி, மொத்தத்தையும் என் கடையின் தலையில் போட்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். திரையில் மாவு வரியை நான் வெறித்துப் பார்ப்பதை அவள் ஒருமுறை கவனித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாமனார் என்னையும் கூப்பிட்டார். "உப்பளத்த மூடிட்டு எடத்த வாடகைக்கு வுட்டுடலாம்னு பாக்கறேம்மா. நீயும் எத்தினி நாளு கஷ்டப்படுவ?" மாவு விஷயத்தைச் சொன்னால், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்பார். சொல்லாவிட்டால் என் கடை போய்விடும். அதற்குள் அவள் மாவுக்கு முன்னால் இருந்த குறியைத் தொட்டாள்.

"மாமா, இதுல தப்பு நடந்துருக்கு. ரெண்டு கடை மாவும் உப்பளத்துலயே ஏறிடுச்சி. என் தப்புதான். அக்காதான் கண்டுபிடிச்சி சொன்னாங்க."

நான் சொல்லவே இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மாமனார் என் பக்கம் திரும்பி, "அதான பாத்தேன்" என்று சிரித்தார். பதினோரு வருடம் நான் காத்திருந்த சிரிப்பு அது. அவள் வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது அவளும் கொழுந்தனாரும் சென்னையில் இருக்கிறார்கள். இரண்டு கடையும், சனிக்கிழமை நாற்காலியும் என்னிடம்தான். குறியைத் தொட்டால் மாவு இரண்டு வரியாக, உப்பளம் தனியாக, உழவர்கரை தனியாக இறங்குகிறது. பெரிய மருமகள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தலைப்பை விரிக்கிறேன். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.