தம்பிக்காக நான் சொன்ன பதில்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். நான் எழுதி அதைப் பிறர் படிப்பதா என்று கூச்சமாக இருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சங்ககிரியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். தம்பி லாரி டிரைவர். போன ஆவணியில் மகாராஷ்டிராவிலிருந்து பஞ்சு லோடு ஏற்றித் தனியாக வந்தான். கூட வர வேண்டிய மாற்று டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஊருக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது, நன்றாக விடிந்த பிறகு, பால் கேனோடு பைக்கில் போனவர் மேல் வண்டி மோதிவிட்டது. தம்பி ஓடவில்லை. அவனே ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது மணி பத்து. வாசலில் இறந்தவரின் சம்சாரம் தரையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனேன்.

தம்பி பெஞ்சில் இருந்தான். சட்டையெல்லாம் ரத்தம், அடிபட்டவரை ஆம்புலன்சில் தூக்கி ஏற்றியபோது பட்டது. எஸ்.ஐ. கேட்டதில் பேர், ஊர், லைசென்ஸ் விவரம் மட்டும் சொல்லியிருந்தான். அதற்கு மேல் எதைக் கேட்டாலும், "வக்கீல் வரட்டுங்க சார்" என்றான். லாரி ஓனர் போனில் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்.

"ஊமையன வெச்சு லாரி ஓட்டற ஓனர இப்பத்தான் பாக்கறேன்" என்றார் ஏட்டு. "ஹாரனாச்சும் அடிப்பியாப்பா?"

தப்பு செய்தவன்தான் வக்கீலைத் தேடுவான் என்று நினைத்திருந்தேன். பெரியவர்கள் கேட்டுப் பதில் சொல்லாமல் இருந்தால் எங்கள் பக்கம் அதைத் திமிர் என்பார்கள்.

"சார் கேக்கறாங்கல்ல, சொல்லு சாமி" என்றேன்.

"அக்கா, நீ சும்மா இரு."

எஸ்.ஐ. மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொல்லி டீயும் வாங்கித் தந்தார். "தம்பி குடிப்பானாம்மா?" என்றார்.

"இல்லீங்க சார். அவனாட்டம் உழைப்பாளி எங்க சனத்துலயே இல்லீங்க. மாத்து டிரைவர் இல்லாம, ரெண்டு ராத்திரி கண்ணு மூடாம ஓட்டியாந்திருக்கறானுங்க."

எங்கள் ஊரில் டிரைவரைப் புகழ்வது இப்படித்தான். பெண் கேட்டுப் போகும் வீட்டிலும் இதைத்தான் சொல்வோம். அவன் வழியில் தூங்கினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

எஸ்.ஐ. எழுத ஆரம்பித்தார். "ரெண்டு ராத்திரி. சரி. தூக்கம் வருதுன்னு உங்ககிட்டப் போன்ல சொன்னானா?"

"தூக்கத்தையெல்லாம் அவன் பாக்க மாட்டானுங்க சார்."

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வக்கீல் மதியம் வந்தார். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

"உங்க தம்பி சரியாத்தாம்மா இருந்தாரு. சந்தேகத்துல புடிச்சிருக்கறவரு தனக்கு எதிரா எதுவும் பேச வேண்டியதில்ல. அது சட்டத்துலயே இருக்குது. திமிர் இல்ல."

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க..."

"உங்களக் கேட்டா உண்மையச் சொல்லோணும். தெரியாதத தெரியாதுன்னு சொல்லியிருந்தா அதும் உண்மைதானேம்மா? ஜாமீன்ல இன்னைக்கே ஊட்டுக்கு வர வேண்டிய கேஸு. நீங்க சொன்னத வெச்சு, தூக்கமில்லாம ஓட்டுனா ஆள் சாவும்னு தெரிஞ்சே ஓட்டுனான்னு இப்பப் பெரிய பிரிவா போடறாங்க. கோர்ட்டுல சாட்சியா உங்களத்தான் கூப்புடுவாங்க."

சாயங்காலம் தம்பிக்கு மாற்றுச் சட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். பொத்தான் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "கிருஷ்ணகிரி டோல்கேட்டுல நாலு மணி நேரம் படுத்துத் தூங்கிட்டுத்தாங்க்கா வந்தேன். வக்கீல்கிட்டச் சொன்னேன். 'உங்கக்காவே நீங்க தூங்கலைன்னு சொல்லிருச்சே, இனி யாரு நம்புவாங்க'ன்னு கேக்கறாரு."

அவன் தூங்கியிருந்தாலும் வாசலில் இருந்த பெண்ணின் புருஷன் திரும்பி வரப்போவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் மேல் இல்லாத பழி ஒன்றை நான் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் கோர்ட்டில் தம்பிக்குப் பதினைந்து நாள் ரிமாண்ட் போட்டார்கள். மதியத்துக்கு மேல் வேனில் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.