முன் இடது சக்கரம்

எரிகிற எச்சரிக்கை விளக்கின் மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகக் கார் ஓட்டியவன் நான். வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன், கதை எழுதுகிறவன். மனித மனம் உண்மையை எப்படியெல்லாம் மூடி மறைக்கிறது என்று கல்லூரி விழாக்களில் பேசிச் சால்வை வாங்கி வருகிறவன். மெரூன் நிறப் பொட்டு. அளவெடுத்துச் செய்தது போல அந்த இடத்தில் பொருந்தியது.

டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு அது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் இருக்கும். காற்று இறங்கினால் விளக்கு எரியும், பக்கத்துத் திரையில் காரின் படம் வந்து, அந்தச் சக்கரம் மட்டும் மஞ்சளாகும். எவ்வளவு குறைவு என்று எண்ணில் காட்டுவதெல்லாம் விலை கூடின வண்டிகளில். என்னுடையது, எங்கே வலிக்கிறது என்று கை காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ரகம்.

அப்பாவுக்கு அப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று முறை நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். தாமதமாகப் போனால், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று மெஷினிலிருந்து சீக்கிரம் கழற்றிவிடுவார்கள். அன்றைக்கே கால் வீங்கும், மூச்சு வாங்கும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போதும் என்று நிறுத்திவிட அப்பா ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார். மழை, தலைவலி, சொந்தத்தில் ஒரு சாவு, எதுவானாலும் சரி, "இன்னைக்கு உட்ரலாம் சாமி" என்பார். ஒரு தடவை விட்டால் அப்புறம் அவரைக் காரில் ஏற்ற முடியாது. அவர் போதும் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் காருக்கு இரண்டு புது டயர் போட்டிருந்தேன். கடைக்காரர் இரண்டையும் பின்னால் மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா பார்த்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினவர்.

"எவன்டா இவன், புது டயரக் கொண்டுபோய்ப் பின்னாடி போட்டிருக்கறான்?"

"கம்பெனியில அப்பிடித்தான் போடச் சொல்றாங்களாமாங்கப்பா."

"கம்பெனிக்காரனா லோடு ஏத்திட்டு மலையேறப் போறான்? முன்னாடி டயர் வெடிச்சா ஸ்டியரிங் உன்ற பேச்சக் கேக்குமாடா? மாத்து."

எங்கள் ஊர் லாரி வீடுகளில் நல்ல டயர் முன்னால், தேய்ந்தது பின்னால். அதைத் தாண்டிப் பேச்சில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜாக்கி போட்டு, முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், ஊசி குத்திக் குத்தி முடிச்சு விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார். "நட்ட ஒரே பக்கமா முடுக்காத. எதிர் எதிரா முடுக்கு. காலேசு படிச்சவனாட்டம் முடுக்கறான் பாரு." பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் அவ்வளவு பேசினார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் இன்னும் நாலு சக்கரம் இருந்தால் தேவலை போல இருந்தது.

சில நாளில் விளக்கு எரிந்தது. முன் இடது சக்கரம் மஞ்சள்.

பெட்ரோல் பங்கில் முன் இடது டயருக்குக் காற்றடித்தேன். விளக்கு அணையவில்லை. அடுத்த பங்கில் இன்னும் கொஞ்சம் அடித்தேன். அணையவில்லை. இணையத்தில் தேடியபோது, குளிரில் காற்று சுருங்கினால் இப்படி ஆகும் என்று போட்டிருந்தது. நாமக்கல்லில் அது சித்திரை மாதம். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மாட்டினேன். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனது, ரேடியோ நான் வைத்திருந்த நிலையங்களை மறந்தது, விளக்கு மட்டும் எரிந்தது. சென்சார் செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதினேன். அதன் பிறகுதான் பொட்டு. ஆனாலும் மனசு கேட்காமல், பங்க் கண்ணில் பட்டால் அதே டயருக்கு இன்னும் கொஞ்சம் அடிப்பேன்.

"முன்னாடி ஏன்டா கல்லாட்டம் தூக்கித் தூக்கிப் போடுது?" என்று அப்பா கேட்பார். அவர் உட்காருவது அந்தச் சக்கரத்துக்கு நேரே. ரோடு அப்படி என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆண்டகளூர் கேட் தாண்டி வண்டி பின்னால் அலைந்தது. ஓரங்கட்டிப் பார்த்தேன். பின் இடது டயர் தரையோடு அப்பிக்கிடந்தது. நான் தினம் ஊட்டி வளர்த்த முன் இடது கிண்ணென்று நின்றது. முட்டை லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் கார் ஆடியது. ஸ்டெப்னியை மாற்றும்போதுதான் புரிந்தது. சென்சார் சக்கரத்தோடு இடம் மாறும், திரை மாறாது. முன்னால் இருந்ததைப் பின்னால் மாட்டினால் அதற்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. அது ஒரு மாதமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பழைய விலாசத்தில்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் விளக்கப்போனேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். காலில் செருப்பு வார் அழுந்திய தடம். மாற்றச் சொன்னது அவர் என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்ன ஆச்சு?"

"ஆணிங்கப்பா." அதுவும் பொய்யில்லை. டயரில் ஆணி இருந்தது.

"நேரமாயிருச்சு. ஊட்டுக்குத் திருப்பு சாமி."

"பாதிக்கு மேல வந்தாச்சுங்கப்பா. சேலந்தான் கிட்ட."

போய்ச் சேர்ந்தபோது அடுத்த ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. ராத்திரி அவர் கால் வீங்கியிருந்தது.

வியாழக்கிழமை காரை வெளியே எடுத்து நிறுத்தினேன். அவர் சட்டை போட்டுக்கொள்ளவில்லை. "டயரெல்லாம் சரி பண்ணியாச்சுங்கப்பா" என்றேன். "டயருக்கில்ல சாமி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கெஞ்சினேன், கத்தினேன், டாக்டரைப் போனில் பேசவைத்தேன். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, எடப்பாடியில் கட்டிக்கொடுத்த அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் டயர் இறங்கியிருக்காது, தாமதமாகியிருக்காது, அப்பாவுக்கு அந்தச் சாக்கு கிடைத்திருக்காது, அப்பா சாவுக்கு நான்தான் காரணம் என்று, கொஞ்சம் கண்ணீரோடு. பந்தலில் மிச்சமிருந்த வாழையிலைகளை அடுக்கிக்கொண்டே அக்கா முழுசும் கேட்டாள்.

"அப்பன் சாவுலயும் நீதான் பெரிய ஆளா இருக்கோணுமாக்கும்? டயர் எறங்கினதுக்கு முந்தின வாரமே எங்கிட்டச் சொல்லிட்டாருடா, இனிப் போறதில்லைன்னு. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. சொன்னா எதையாச்சும் எழுதிப்போடுவியாம்."