பத்தொன்பது வீட்டுக்கு ஒரு மோட்டார்

1. டிக் போட்டவள் நான்தான்

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு கொஞ்சம் பெருமை பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருஷம் செக்ரோல் கிராணியாக இருந்தேன். யார் வேலைக்கு வந்தார்கள், எந்த மலையில் நின்றார்கள், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று பெரிய புத்தகத்தில் எழுதும் வேலை. ரிட்டயர் ஆனதும் வீட்டில் மருமகளுடைய சமையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். மகன்தான் பயந்துபோய் எனக்கு ஒரு வேலை தேடினான் என்று நினைக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து டாக்டர் சரவணன் வந்திருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். வயது முப்பத்தைந்து இருக்கும். இந்த மலைகளின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் இரண்டு கம்பங்களை, அதாவது கிராமங்களை, ஒப்பிட்டு அவர் அறிக்கை எழுத வேண்டும். ஒன்று செமாய் மக்களுடையது, எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மற்றொன்று தெமியார் மக்களுடையது, ஃபோர்வீல் ஜீப்பில் இரண்டரை மணி நேரம் மேலே போக வேண்டும். ஊர்ப் பெயர்களை எழுதப் போவதில்லை. கீழ்க் கம்பம், மேல் கம்பம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒப்பிடுவது சும்மா இல்லை. ஒரு நல நிதிக்காரர்கள் மலையூற்றிலிருந்து வீடுவீடாகப் பைப் போட்டுத் தர முன்வந்திருந்தார்கள். பணம் ஒரு கம்பத்துக்குத்தான் இருந்தது. எது அதிகம் கஷ்டப்படுகிறதோ அதற்குப் பைப். அதை முடிவு செய்வது, வீடுவீடாகக் கேட்டு நான் நிரப்பும் ஃபார்ம்.

நான் போய்க் கேட்டேன், டிக் போட்டேன். கீழ்க் கம்பத்தில் இருபத்திரண்டு வீடு. மூன்று பூட்டியிருந்தது. மீதிப் பத்தொன்பதிலும் மோட்டார் இருக்கிறதா என்று கேட்டேன். இங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். பத்தொன்பது வீட்டிலும் இருக்கிறது என்றார்கள். கேஸ் அடுப்பு? இருக்கிறது. டிவி? அதுவும் இருக்கிறது. பகல் நேரம், ஆம்பிளைகள் திரிங்காப் காய்கறித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் மோட்டார் இல்லாததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவர்களோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷக் கிராணி, கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு டிக் போட்டேன்.

2. காகிதம் சொன்னது

மேல் கம்பத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. மூங்கில் வீடு. மோட்டார் இல்லை, அடுப்பு இல்லை, மாதச் சம்பளம் இல்லை. கீழே பலகை வீடு, சிங்க் தகரக் கூரை, கூலி வேலை. கம்ப்யூட்டரில் போட்டதும் அது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மேலே இருப்பவர்கள் பரம ஏழைகள், கீழே இருப்பவர்கள் வசதியானவர்கள் என்று சொல்லிவிட்டது.

சரவணனுக்குத் திருப்தி. இவ்வளவு தெளிவான ரிசல்ட் லேசில் வராதாம். எனக்கும் பெருமைதான். புது வேலையை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டேனே. நிதிக்காரர்கள் அடுத்த வியாழக்கிழமை தானா ராத்தா டவுனுக்கு வந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

3. எந்த மோட்டார்?

அந்த வாரமே வா மினா எங்கள் தோட்டத்து லைன் வீடுகளுக்கு வந்தாள். செமாய் பெண்களை வா என்றும் ஆண்களை பா என்றும் மரியாதையாகச் சொல்வார்கள். வா மினா எங்கள் தோட்டத்தில் ஒன்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். தோட்டத்துத் தமிழில் என்னைவிட நன்றாகவே திட்டுவாள். அன்றைக்கு இரண்டு வயசுப் பிள்ளையைச் சாரோங் துணியில் கட்டிக்கொண்டு, ஏற்றத்தில் முக்கால் மணி நேரம் நடந்து வந்திருந்தாள். பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. தலை தொங்கிக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் மோட்டாரை வைத்துக்கொண்டு இப்படியா நடப்பாய் என்று கேட்டேன்.

"மோட்டார் ரிங்லெட் போச்சு, கிராணி. பா ஊடா எடுத்துட்டுப் போயிருக்காரு."

"அது அவரு மோட்டாரு. உன் மோட்டாரு எங்க?"

"அதான் கிராணி. மோட்டாரு."

"எந்த மோட்டாரு?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புரியவே இல்லை. மோட்டார்தான், வேறு என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

எங்கள் ஃபோர்வீல் டிரைவர் ஆறுமுகம் அண்ணனைக் கூப்பிட்டு, பிள்ளையை ரிங்லெட் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வழியில் மெதுவாகக் கேட்டேன். கம்பம் முழுக்க ஒரே மோட்டார். வாங்கியவர் பா ஊடா. யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துப் போவார்கள். பிறகு ஏன் பத்தொன்பது வீட்டிலும் இருக்கிறது என்றார்கள்?

"இருக்குதானே. கேட்டா குடுப்பாரு. இல்லன்னு நான் சொன்னா, பா ஊடா குடுக்காத ஆளுன்னு ஆயிரும்லா. அவரு மூஞ்சிய நான் எப்படிப் பாக்கிறது?"

பத்தொன்பது வீட்டிலும் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கஞ்சன் என்று சொல்லக் கூடாது என்கிற நல்ல மனசை, நான் பத்தொன்பது மோட்டாராக எண்ணி வைத்திருந்தேன். அடுப்பும் டிவியும் அதே கதைதான்.

கிளினிக்கில் பிள்ளைக்கு மருந்து கொடுத்து, தண்ணீர்தான் காரணம் என்றார்கள். கீழ்க் கம்பத்து ஆற்றில் மேலேயுள்ள காய்கறித் தோட்டங்களின் மண்ணும் உரமும் இறங்குகிறது. மழை பெய்தால் தேத்தண்ணி நிறம். அதனால்தான் கம்பத்துப் பெண்கள் எங்கள் லைன் குழாய்க்கு வந்து தண்ணீர் பிடித்துச் சுமந்து போனார்கள். முடியாத நாளில் ஆற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். எத்தனையோ வருஷமாக அவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் என் டிக்கினால் அதன் கம்பத்துக்குப் பைப் கிடையாது. வியாழனுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

4. சாமான் பெரட்டு

சரவணனிடம் போனில் சொன்னேன்.

"ஆன்ட்டி, ரிப்போர்ட் ஏற்கெனவே அனுப்பியாச்சு. இப்பப் போய் மாத்துனா என் வேலையே போயிரும்லா."

"தப்பா அனுப்பியாச்சு டாக்டர். உங்க வேலை போனா வேற வேலை கிடைக்கும். அந்தப் புள்ளைங்களுக்கு வேற வயிறு கிடைக்காது."

இப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம். துரை எதிரில் முப்பத்தொரு வருஷம் எஸ் சார் என்ற வாய் இது. அவர் நல்ல பிள்ளை. பெருமூச்சு விட்டார், பிறகு ஆதாரம் வேண்டும் என்றார். மறுபடி வீடுவீடாகப் போய்க் கேட்டால் மறுபடி இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உன்னுடையதா, ஊடாவுடையதா என்று குடைந்தால் அவர்களை அவமானப்படுத்துவதாகும். என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து ஆள் எண்ணுவோம். மலைமலையாகப் போய் எண்ணினால் ஒரே ஆள் குறுக்கு வழியில் ஓடி இரண்டு இடத்தில் தலை காட்டுவான். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பேர் போட்டுவிட்டு ஏமாந்த கிராணிகள் உண்டு. பெரட்டில் அது நடக்காது. வந்திருக்கிறாயா என்று யாரையும் கேட்பதும் இல்லை, பார்த்து எண்ணுவோம். ஆளுக்குப் பெரட்டு வைக்கலாம் என்றால் சாமானுக்கு ஏன் வைக்கக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கீழ்க் கம்பத்துக்குப் போனேன். ஒரு பெரிய போட்டோ எடுக்கப் போகிறோம், கம்பத்தில் உள்ள எல்லாச் சாமானும், எல்லா ஆளும் திடலுக்கு வர வேண்டும் என்று தலைவரிடம் சொன்னேன். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. டிவியைத் துடைத்துத் தூக்கி வந்தார்கள். பா ஊடா மோட்டாரைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

எல்லாம் வந்தாயிற்று என்றார்கள். ஒரு மோட்டார், இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு டிவி, ஒரு மரம் அறுக்கும் மெஷின், கடையில் வாங்கிய அரிசி மூன்று பை, தண்ணீர் சுமக்கும் பிளாஸ்டிக் தோங் நாற்பதுக்கு மேல். அந்தத் தோங்குகளை மட்டும் யாரிடமும் கடன் கேட்க முடியாது போல, வீட்டுக்கு இரண்டு இருந்தது. ஆறுமுகம் அண்ணன் ஃபோர்வீல் கூரைமேல் ஏறிப் படம் எடுத்தார்.

மறுநாள் மேல் கம்பத்துக்குப் போனோம். அங்கே பைப் அவர்களுக்கு வராமல் போகலாம் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அவர்களும் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். மோட்டார் இல்லை, டிவி இல்லை. ஆனால் மலைநெல், மரவள்ளி, பூசணி, கோழிகள், அன்றைக்குப் பிடித்த மீன், பிரம்புக் கட்டுகள் என்று வைக்க இடம் போதவில்லை. பின்னால் ஆறு, அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம். இந்த ஆற்றங்கரையில் பைப் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

அதற்காக அவர்கள் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக ஏழு வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். பிரசவ வலி வந்தால் மழை நாளில் வண்டி ஏறாது. கீழே இருப்பவர்களுக்குக் கிளினிக் உண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லை. மேலே தண்ணீர் உண்டு, கிளினிக் இல்லை. யார் ஏழை என்று ஒரே கோலால் அளந்தால் இப்படித்தான் விழுவோம்.

பைப் விஷயத்தைத் தலைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மலாயில் அவர் சொன்ன பதில் தமிழில் இப்படி வரும்:

"பைப்பு கீழ போகட்டும். பைப்பு போடுற ஆளு ஏறி வர வேண்டிய வண்டியில, எங்களுக்கு நர்ஸை ஏத்தி அனுப்புங்க."

கீழ்க் கம்பத்தில் இருப்பவர்கள் அவருக்குச் சொந்தமும் இல்லை, பேச்சும் வேறு. இரண்டு கம்பத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் வருஷத்தில் ஒரு தடவை பார்த்தால் அதிகம். திரும்பி வரும்போது ஆறுமுகம் அண்ணன் வழக்கமான பாட்டைக்கூடப் போடவில்லை.

5. வியாழக்கிழமை

நிதிக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைமை ஒரு சீன அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்ப்பவர். சரவணன் எழுந்து, தன் அறிக்கையில் தப்பு இருக்கிறது என்றார். அப்படி ஆரம்பிக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தப்பு அவருடையது இல்லை, டிக் போட்டது நான் என்று நானும் எழுந்து சொன்னேன்.

இரண்டு படத்தையும் மேசைமேல் வைத்தோம். அந்த அம்மாள் கீழ்க் கம்பத்துப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டார்.

இருபத்திரண்டு வீட்டுச் சாமான் என்றார் சரவணன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவர்களிடம் படத்தைத் தள்ளினார். அந்தத் தோங்குகள் எதற்கு என்று கேட்டார். முக்கால் மணி நேர ஏற்றத்தைச் சொன்னேன், வா மினாவின் பிள்ளையைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. பைப் கீழ்க் கம்பத்துக்கு. மேல் கம்பத்துத் தலைவர் சொன்னதை அந்த அம்மாளே எழுதிக்கொண்டு, சுகாதார இலாகாவுக்குத் தானே கடிதம் போடுவதாகச் சொன்னார். போட்டார். இப்போது மாதம் ஒரு தரம் நர்ஸ் மேலே போகிறார், மழை பெய்தாலும் ஏறுகிற வண்டியில்.

வெளியே வந்ததும் சரவணன் எனக்கு ஸ்ட்ராபெரி வாங்கித் தந்தார். மலையில் பிறந்தவளுக்கு, டூரிஸ்ட்டுகள் வாங்குகிற ஸ்ட்ராபெரி. சந்தோஷத்தில் அதையும் தின்றேன். அவர் வேலை போகவில்லை, அந்தப் படத்தைத்தான் இப்போது ஊர் ஊராகக் காட்டிப் பேசுகிறாராம்.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

கேட்டு எழுதும் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்று பயப்படாதீர்கள். அவர்கள் உண்மையைத்தான் சொல்வார்கள், நம் கேள்விதான் வேறு ஊருக்காக எழுதப்பட்டிருக்கும். உடைமை என்றால் என்ன என்று அந்த ஊரில் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் காலால் நடந்து, கண்ணால் பாருங்கள்.

பைப் போட்டு மூன்று மாதம் கழித்து, வேலை சரியாக நடந்ததா என்று எழுதிவர என்னையே அனுப்பினார்கள். கீழ்க் கம்பத்தில் இறங்கினேன். தலைவர் வந்தார், பா ஊடா வந்தார், வா மினா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை கொழுகொழுவென்று, என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. எல்லா வீட்டுக்கும் குழாய் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு கிராணி, எல்லாருக்கும் இருக்கு என்றார்கள்.

நான் பேனாவைத் திறக்கவில்லை. முதல் வீட்டுக்கு நடந்தேன். குழாயை என் கையாலேயே திறந்தேன், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஒரு வாய் குடித்தேன், மூடினேன், டிக் போட்டேன். அடுத்த வீட்டுக்குப் போனேன். கம்பமே சிரித்துக்கொண்டு என் பின்னால் வந்தது. கடைசி வீட்டை முடிக்கும்போது சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து, வயிறு தண்ணீரால் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு குழாய்.