ஒரு முழம் டேப்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்த தப்பை உடனே ஒத்துக்கொள்ள வாய் வராது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவேன். அப்படித் தள்ளிப்போட்டதில் பாதி எனக்கே மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதை இப்போது எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரரை ஊரே பாய் என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் என்றால் இரண்டு பேர். நான் அப்போதுதான் அரூர் தாலுகா ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். இன்னொருவன் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். பாலக்கோட்டில் அவர்கள் குடும்பத்துக்குத் தக்காளி மண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏலம் முடிந்ததும் சட்டையில் தக்காளிக் கறையோடு பஸ் ஏறி வந்துவிடுவான்.

எங்கள் மூவரையும் சேர்த்துவைத்தவன் ஒரு வெள்ளைக்கார கிடார்காரன். அவன் பாட்டில் என்ன சொல்கிறான் என்று எங்களுக்குப் பாதிகூடப் புரியாது. கிடார் புரிந்தது. புரிந்தது என்று நினைத்தோம், அதனால்தானே அத்தனை சண்டை. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் அடிக்கடி எட்டிப் பார்த்து, "பாய், தகரத்த அறுக்கறத நிறுத்திட்டு ஒரு தமிழ்ப் பாட்டு போடுங்க" என்பார். நாங்கள் அவரைப் பரிதாபத்தோடு பார்ப்போம்.

சண்டை எப்போதும் ஒன்றேதான். அந்த கிடார்காரன் அடுத்து எங்கே போவான் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே போவான் என்று காத்திருந்தால் கீழே விழுவான், முடித்துவிட்டான் என்று நினைத்தால் அங்கேதான் ஆரம்பிப்பான். மண்டிக்காரனுக்கு அதுதான் உயிர்.

"எங்க எறங்குவான்னு அவனுக்கே தெரியாதுங்க பாய். தெரிஞ்சு வாசிச்சா அது வித்தையே இல்லீங்க" என்பான்.

பாய் ஸ்க்ரூ டிரைவரால் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்பார். சத்தத்தைக் கூட்டமாட்டார், குறைத்துத்தான் கேட்பார். "தெரியாம வாசிக்கறவன் கை தடுமாறும்பா. இவன் தடுமாறவே இல்ல. ஒவ்வொரு அடியும் பாத்துத்தான் வெக்கிறான். நமக்குத்தான் தெரியல."

"அப்ப தாவறதுன்னு ஒண்ணு இல்லவே இல்லங்கறீங்க?"

"நடக்கறான்பா. வேகமா நடக்கறான்."

நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். அந்த வயதில் எனக்கென்று ஒரு கருத்து இருந்ததா என்று இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது.

அந்தக் கிடார்காரன் ஒருமுறை பெங்களூருக்கு வந்து வாசித்தான். மண்டிக்காரனின் மாமன் மகன் அங்கே வேலையில் இருந்தான். கூட்டத்தில் நின்று ஒரு சின்ன டேப் ரெக்கார்டரில் முழுக் கச்சேரியையும் பிடித்துவிட்டான். இரண்டாவது பாட்டு ஆரம்பிக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், ஜனங்கள் கத்தியதும்கூட அதில் இருந்தது. அந்த ஒரு கேசட்தான், காப்பி கிடையாது. மண்டிக்காரன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது அவனுடைய செட்டு பாய் கடையில் ரிப்பேருக்குக் கிடந்தது. போட்டுக் கேட்க வழியில்லை. என்னிடம் கொடுத்தான்.

"நீ மொதல்ல கேளு. ஞாயித்துக்கெழம கொண்டா. உசுராட்டம் பாத்துக்கடா" என்றான்.

இரண்டாம் நாள் என் டேப் ரெக்கார்டருக்குள் அது சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்தால் டேப் கசங்கி, சுருண்டு, இரண்டு இடத்தில் கிழிந்து உருளைக்குள் போயிருந்தது. கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றினேன். கெட்டுப்போன பகுதியை பிளேடால் அறுத்தேன், பூக்காரம்மா கையில் அளந்தால் ஒரு முழம் இருக்கும். மிச்ச இரண்டு முனையையும் செலோடேப்பால் ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்ட வந்தது. திரும்ப மூடும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டு பீரோவுக்கு அடியில் போனது, தேடியும் கிடைக்கவில்லை. நாலு ஸ்க்ரூவோடு மூடினேன். அறுத்த முழத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் கடையில் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். அந்த இடம் வந்தது. கிடார் மேலே ஏறிக்கொண்டே போய், 'டக்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி எங்கோ பாதாளத்தில் இருந்தது.

மண்டிக்காரன் எழுந்து நின்றுவிட்டான். "கேட்டீங்களா பாய்? கேட்டீங்களா? இத்தத்தான சொன்னன்? இவன் மனுசனே இல்லீங்க."

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் யாருக்குச் சொல்ல மனசு வரும்? இப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன். உண்மையில் அது பயம், வேறொன்றுமில்லை.

பாய் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒரு சத்தம் வருதுல்ல. வெச்சிட்டுப் போப்பா, சுத்தம் பண்ணித் தரேன்" என்றார். அடுத்த ஞாயிறு அந்த 'டக்' இல்லை. தாவல் மட்டும் இருந்தது, இன்னும் சுத்தமாக. பாய் துடைத்து வைத்திருக்கிறார், தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அவ்வளவுதான் என் மூளை.

அதற்குப் பிறகு பாய் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒன்று சொல்ல ஆரம்பித்தார். "இங்க கொஞ்சம் கொறையுதுப்பா. இவன் இப்டி வாசிக்க மாட்டான்." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். கோபமாக இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. நான் டீ கிளாஸைப் பார்ப்பேன்.

மண்டிக்காரனுக்கு அந்தத் தாவல் சொந்தச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. யார் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவான். வருஷக்கணக்கில் இப்படியே போனது. ஒரு ஞாயிறு சேலத்திலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தான், நன்றாக கிடார் வாசிக்கத் தெரிந்தவர்கள். கேட்டு முடித்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் மெதுவாகச் சொன்னார், "அந்த எடத்துல டேப்பு கொறையுதுங்க. அவன் தாவல." வந்தவர்களில் ஒருவர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

மண்டிக்காரனுக்கு முகம் கறுத்துப்போனது. எத்தனையோ வருஷமாக 'ங்க' போட்டுப் பேசியவன், அன்றைக்குக் கடையில் வாடிக்கையாளர்கள் நிற்க, "சால்டர் ஈயப் பொகையில காது அவிஞ்சு போன ஒனக்கு என்னா தெரியும்? நீ ஒயரு ஒட்டறவன், ஒட்டறதோட இரு" என்றான்.

பாய் என்னைப் பார்த்தார். ஒரே ஒருமுறை. ஒரு வார்த்தை போதும், நான்தான் அறுத்தேன் என்று. வாயைத் திறந்தேன்கூட. பிறகு மூடிக்கொண்டேன். பாய் கேசட்டை எடுத்து அதன் டப்பாவில் போட்டு மண்டிக்காரன் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

நான் மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தேன். டேப் ரெக்கார்டர் காலம் முடிந்து பாய் செல்போன் கவரும் சார்ஜரும் விற்க ஆரம்பித்தார். ஆபீஸ் விட்டு அரூர் பஸ்ஸில் வந்து இறங்கினால் அவர் கடையில் பத்து நிமிஷம் உட்காருவேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டே போவேன். அவர், "பாலக்கோட்டாரு எப்டி இருக்காரு? வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார். சௌக்கியம் என்பேன். அதோடு சரி. ஒரு நாளும் அந்தக் கேசட் பேச்சை எடுத்ததில்லை அவர். எடுத்திருக்கக்கூடாதா என்று அவர் மேல்கூட எரிச்சல் பட்டிருக்கிறேன், என் யோக்கியதையைப் பாருங்கள்.

போன வருஷம் பாய் இறந்துபோனார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. அடக்கத்துக்கு மண்டிக்காரன் வந்திருந்தான். உள்ளே வராமல் ரோட்டோரம் புளிய மரத்தடியில் நின்றான். நான் பக்கத்தில் போனதும், "வயசுல பெரியவருடா. 'ஒனக்கு'ன்னுட்டன். எத்தன தடவ பஸ்ஸ விட்டு எறங்கி அந்தச் சந்து வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கன் தெரியுமா? ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருக்கலாம்" என்றான். கண் கலங்கி இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. இழவு நடந்த இடத்தில் எதற்கு என்று ஒரு சாக்கு கிடைத்தது.

போன மாதம் பஸ்ஸில் செல்போனைத் தடவிக்கொண்டு வந்தபோது அந்தக் கச்சேரி கண்ணில் பட்டது. பெங்களூர்க் கச்சேரியேதான். யாரோ முழுதாக ஏற்றியிருந்தார்கள். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் கரண்ட் போய் வந்தது, ஜனங்கள் கத்தினார்கள். பிறகு அந்த இடம் வந்தது. கிடார் மேலே ஏறியது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், கீழே இறங்கி வந்தது. பத்து நொடிகூட இருக்காது. ஒரு தாவலும் இல்லை. பாய் சொன்ன மாதிரி நடந்துதான் வந்தான். அந்தக் கச்சேரியிலேயே அழகான இடம் அதுதான். அதைத்தான் நான் வெந்நீர் அடுப்பில் போட்டேன். பஸ் அரூர் தாண்டி எங்கே போகிறது என்று தெரியாமல் அழுதுகொண்டு வந்தேன்.

செத்தவரிடம் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவனிடமாவது சொல்லி, பாய் சொன்னது சரி என்று அவன் வாயால் கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அடுத்த ஞாயிறே பாலக்கோட்டுக்குப் போனேன்.

தக்காளி விலை விழுந்திருந்த சமயம். வாசலில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மண்டிக்காரனை உட்காரவைத்து செல்போனைக் கையில் கொடுத்து இயர்போனைக் காதில் மாட்டிவிட்டேன். கரண்ட் போன இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த இடம் முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னான். மூன்று முறை கேட்டான்.

"அப்ப பாய் சொன்னது சரியாடா?"

"சரிதான்டா. அறுத்தவன் நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். டேப் சிக்கியது, பிளேடு, செலோடேப், பீரோவுக்கு அடியில் போன ஸ்க்ரூ, வெந்நீர் அடுப்பு. அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் தேவலை என்றிருந்தது. அவன் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தான். அதற்குள் அந்தக் கேசட், துணியில் சுற்றி.

"பாரு, நாலு ஸ்க்ரூதான் இருக்கும்" என்றேன்.

ஐந்து இருந்தது. நாலு வெள்ளை, ஒன்று கறுப்பு.

அவன் பேனாவைப் பல்சக்கரத்தில் விட்டு டேப்பை வெளியே இழுத்தான். முழம் முழமாக மடியில் விழுந்தது. ஒட்டு வந்தது. நான் போட்ட செலோடேப் இல்லை. சாய்வாக, இம்மிகூடப் பிசகாமல் வெட்டி, மெல்லிய வெள்ளை டேப்பால் ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் ஒட்டு இருப்பதே தெரியாது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தில் பாய் திறந்து பார்த்திருக்கிறார். என் கோணல் வேலையைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார். தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் தன் டப்பாவிலிருந்து ஒன்று போட்டிருக்கிறார். இத்தனையும் தெரிந்துகொண்டு, நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார்.

மண்டிக்காரனுக்கு வேறு மாதிரி புரிந்தது.

"இது ஒன் வேலையாடா? ஒரு பார்சல் நேரா கட்டத் தெரியாது ஒனக்கு. இது பாய் கை" என்றான்.

"அவரு திருப்பி ஒட்டியிருக்காருடா. மொதல்ல அறுத்தது நான்."

"சுத்தம் பண்றன்னு ஒரு வாரம் வெச்சிருந்தான். அப்பதான் அறுத்திருக்கான். கொறையுது கொறையுதுன்னு அவ்ளோ உறுதியா எப்டிடா தெரியும்? அறுத்தவனுக்குத்தான தெரியும்."

"இல்லடா. டக்குனு சத்தம் வந்துச்சே, நான் கொண்டாந்த அன்னைக்கே தாவிச்சே."

"அதெல்லாம் அப்பறந்தான்." அவனுக்கு நினைவு அப்படித்தான் இருந்தது, அதை மாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. டேப்பைத் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னான், "நான் வேற ஒரு வருசமா அந்த மனுசன அப்டிப் பேசிட்டமேன்னு தூக்கம் இல்லாம கெடந்தன். அன்னைக்கு நான் பேசினது சரிதான்."

"டேய், நான்தான்டா அறுத்தன்."

"போனவன் பழிய நீ ஏன்டா எடுத்துக்கற? நீ எப்பவுமே இப்டித்தான், ரெண்டு பக்கமும் நல்லவன்."

"சத்தியமா நான்தான்டா."

"சரி சரி, வா. சாப்ட்டுப் போலாம்" என்றான்.