மகனின் கல்லில் வெட்டிய வரி

எங்கள் ஒரே மகன் காய்ச்சலில் போனபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: வயது இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம். உடைந்த சட்டிக்கு வேறு சட்டி வாங்குகிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது அறைந்திருப்பேன். கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஜெர்மன் தத்துவவாதியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. எந்த உயிருக்கும் மாற்று உயிர் கிடையாது என்பது அதன் சாரம். தேவாரம் வேண்டாமென்று அதையே மகனின் கல்லறையில் வெட்டச் சொன்னேன். கோயில்காரர்கள் முணுமுணுத்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

மனைவிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த வரியை மனப்பாடம் செய்து, விளக்கேற்றும்போது மந்திரம் போலச் சொல்லுவாள்.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள், எங்கள் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த இந்தத் தீவில் எல்லா மதத்தாரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், நாங்களும்தான். அவள் எழுத்தை விட்டுச் சுற்றிலும் பூசுவாள். மிஞ்சிய பூவை அந்தப் பக்கம் யூதர்களின் கல்லறைகளில் வைப்பாள். ஜெர்மனியில் யூதர்களைக் கொன்று குவித்த கட்சிக்குத் தப்பி ஓடிவந்தவர்களை, யுத்தம் முடியும்வரை வெள்ளைக்கார அரசு இங்கே போ பாசேன் சிறையில் அடைத்து வைத்திருந்தது. அங்கேயே செத்தவர்கள் அவர்கள்.

பாரிஸிலிருந்து திரும்பிய சக ஆசிரியர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: அந்தத் தத்துவவாதி அதே கட்சியின் உறுப்பினராம். மேடையேறிப் புகழ்ந்தாராம். பிறகும் ஒரு வார்த்தை வருந்தவில்லையாம். ஆள் வேறு, சிந்தனை வேறு என்று எனக்குச் சமாதானம் வேறு. உங்கள் பிள்ளையின் கல்லில் இருந்தால் தெரியும் என்று கத்திவிட்டேன்.

மாற்றில்லை என்று எழுதிய கைதானே அந்தக் கட்சிக்கும் கையெழுத்துப் போட்டது? எழுதியது அவருக்கே புரியவில்லையா? புரிந்துதான் போட்டாரா? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மனைவியிடம் கல்லறையில் வைத்துத்தான் சொன்னேன். கையோடு உளியும் கொண்டுபோயிருந்தேன். அவள் யூதர்கள் பக்கம் பார்த்தாள். பிறகு மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, முதல் தடவையாக எழுத்தின் மேலேயே பூசினாள். வெட்டிய எழுத்து அடங்கவில்லை. பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. மறுபடியும் பூசினாள். அப்படியும் தெரிந்தது. நான் உளியை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னிடம் தீவுப் பேச்சான கிரியோல், சாமியிடம் மட்டும் தமிழ் என்று இருந்தவள், அன்று என்னிடமே தமிழில் கேட்டாள்: "ஏங்க, நல்லவங்க யாருமே இதைச் சொல்லலையா? தேடிப் பாருங்களேன்."

அன்றிலிருந்து தேடுகிறேன். எத்தனையோ நல்லவர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் சொன்ன மாதிரி ஒருவரும் சொல்லவில்லை. அவள் விளக்கை ஏற்றி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த வரியும் சொல்லாமல் எழுந்து போகிறாள்.